மூட்டத்தின் மேல் நட்ட போர்டு

என் சர்வீசில் எங்கள் வங்கியின் போர்டு தீப்பிடித்து எரிந்தது ஒரே ஒரு தடவைதான். அது எரிந்ததால்தான் ஒரு லோன் பிழைத்தது. இதைச் சொன்னால் இப்போது பேங்கில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன், முகமெல்லாம் கரியை அப்பிக்கொண்டு.

போன மாதம் பென்ஷன் விஷயமாக அருப்புக்கோட்டைக் கிளைக்குப் போயிருந்தேன். கடன் பிரிவில் இருந்த தம்பி தன் செல்போனைக் காட்டி, "மேடம், கடைக்காரர் உக்காந்த இடத்துலயே அப்ளை பண்றாரு. டீ ஆறுறதுக்குள்ள பணம் வந்துருது. உங்க காலத்துல கிரெடிட் ஸ்கோரே கிடையாதே, யாருக்குக் குடுக்கலாம்னு எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்றான். "பஸ் ஏறிப் போய்ப் பாப்போம்ப்பா" என்றேன். அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததுதான் இது.

என் பெயர் லலிதா, அருப்புக்கோட்டைக்காரி. வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். அப்பா தறி நெய்தவர். நூல் முதலாளி வீட்டிலிருந்து வரும், சேலை முதலாளி வீட்டுக்கே போகும். நடுவில் அப்பாவுக்குக் கூலி. தீபாவளிக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார், அது அடுத்த தீபாவளி வரைக்கும் கூலியில் கழியும், கழிந்து முடியாமலே மறு தீபாவளி வந்துவிடும். அம்மா தெருவில் சீட்டுப் பிடித்தாள். எதிர்வீட்டு மளிகைக் கடைக்குத் தினமும் சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிளில் வந்து அன்றைய தவணையை வாங்கிப் போவார். அவசரம் என்றால் வளையல் அடகுக் கடைக்குப் போகும். ஆக, பேங்கு வேலைக்கு வருவதற்கு முன்பே கடனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். பேங்கைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

பரீட்சை எழுதினேன், பாஸானேன், ஒரு வருஷம் அங்கேயும் இங்கேயும் பழக்கினார்கள். எண்பதுகளின் நடுவில் திருச்சுழிக் கிளைக்குக் கள ஆபீசராகப் போட்டார்கள். அங்கேதான் இஸ்ரவேல் சாரிடம் மாட்டிக்கொண்டேன்.

இஸ்ரவேல் சார் எங்கள் மேனேஜர். நாசரேத் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பயமே அதுதான். நான் கொண்டுபோய் வைக்கும் அறிக்கையை ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து வரி வரியாக இறக்கிப் படிப்பார். ஸ்கேல் நின்றுவிட்டால் அந்த வரியில் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

ஒருமுறை ஒரு பவர்லூம் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்து, 'தறிகள் நல்ல முறையில் இயங்கி வருகின்றன' என்று எழுதியிருந்தேன். ஸ்கேல் நின்றது.

"நீங்க போனப்ப தறி ஓடுச்சாம்மா?"

"கரண்ட் இல்ல சார். மத்தியானத்துக்கு மேலதான் வரும்னாக."

"அப்ப இயங்குதுன்னு யாரு சொன்னா?"

"பட்டறைக்காரர் சார்."

"அப்ப இத அவரையே எழுதச் சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு எதுக்கும்மா வீணா பஸ் சார்ஜு?"

மறுநாள் திரும்பப் போனேன். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவரைக் கன்னடத்தில் முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே போனேன். எனக்குக் கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டினால்தான் தீரும். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் எங்கள் தெருக்காரர், கன்னடம் தெரிந்தவர் என்பதை நான் கவனிக்கவில்லை. மனுஷன் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். தறி ஓடத்தான் செய்தது. ஆனால் அன்றிலிருந்து, பார்த்ததை மட்டும் எழுதுவது என்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் செசிலி அக்கா பேங்குக்குள் வந்தார்.

திருச்சுழிக்குத் தெற்கே மழையை நம்பிய காடு. மழை இல்லாத வருஷத்தில் அங்கே தானாக விளைவது சீமைக் கருவேலம் ஒன்றுதான். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு மூடை மூடையாக விற்பார்கள். செசிலி அக்காவும் அவர் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் அண்ணனும் அந்தத் தொழில் செய்தார்கள். தொழில் செய்தது அக்கா. அண்ணன் அக்கா சொன்னதைச் செய்தார். அக்கா வந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நேராகவே ஆரம்பித்தார்.

"மாட்டுக்கு லோனு தாரீக. தறிக்குத் தாரீக. கரிக்கு மட்டும் ஏன் தரமாட்டேங்கிறீக?"

"யாருக்கா தரமாட்டேன்னது?"

"யாரும் கேக்கலையே, அப்ப தரலைன்னுதான அர்த்தம்?"

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. "இப்ப யாருகிட்ட வாங்குறீங்க?" என்றேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு கமிஷன் மண்டி. அந்த மண்டி அண்ணாச்சி முன்பணம் கொடுப்பார். விறகுக்கும் வெட்டுக் கூலிக்கும் அந்தப் பணம். கரி முழுக்க அவருக்கே போய்விடும்.

"அவுக நல்லவுகதாம்மா. வட்டின்னு ஒரு வார்த்தை வாயில வராது. மதுரையில விக்கிற வெலைக்கு மூடைக்கு இம்புட்டுக் கம்மின்னு எடுத்துக்கிருவாக, அம்புட்டுத்தான். கணக்கு முடிஞ்சிருச்சுன்னு வைங்க, அன்னைக்கே வெத்தலைத் தட்டு வந்துரும். வெத்தலைக்கு மேல புது நோட்டு. எடுக்காம வந்தா அவுக மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும். எடுத்தாச்சுன்னா அடுத்த மூட்டமும் அவுகளுக்குத்தான். எங்க மாமனார் எடுத்தாக, நானும் எடுத்துக்கிட்டே கெடக்கேன்."

"எடுக்காமத்தான் ஒருநா வந்து பாருங்களேன்."

"வாரேன். அடுத்த வெறகுக்கு யாரு காசு குடுப்பா? நீங்களா?"

"ஆமா, நாந்தான்!" என்று வாய் முந்திவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இஸ்ரவேல் சார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தொழில் எப்படி நடக்கிறது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். விறகை அடுக்கி, மேலே தழையும் சருகும் போட்டு, அதற்கு மேல் ஈரமண்ணைப் பூசி மூடி, உள்ளே தீயை விட வேண்டும். அடியில் சின்னச் சின்னத் துவாரம் விட்டு, பல நாள் புகைந்து புகைந்து வேக வேண்டும். புகை அடங்கின பிறகு எல்லாவற்றையும் அடைத்து ஆறவிட்டுப் பிரித்தால் கரி.

"சரி. மூடியாச்சுன்னா உள்ள வெறகு இருக்கா, வெறும் முள்ளுதான் இருக்கான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது? பேங்குக்கு ஈடா இருக்கிற சரக்க நாங்க பாக்கணும்மா. தெறந்து காட்டுவீங்களா?"

"தெறந்தா காத்து உள்ள போயிரும் சார். காத்து போச்சுன்னா பூராம் சாம்பல்தான். நீங்க சாம்பலுக்கா லோனு தருவீக?"

சார் கையிலிருந்த ஸ்கேலை மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப மூடுறதுக்கு முந்தியே பாத்திரணும். அடுக்குற அன்னைக்குக் காலைல போய் நில்லுங்க, கடைசிக் கூடை மண்ணு விழுறவரைக்கும் நகரக்கூடாது" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

கடனை இரண்டு பகுதியாகப் பிரித்தார். முதல் பகுதி விறகுக்கும் வெட்டுக்கும். இரண்டாவது, மூட்டத்தைப் பார்த்த பிறகு: கூலி பாக்கி, சாக்கு, மதுரைக்கு லாரி வாடகை, அண்ணாச்சியின் பழைய பாக்கி. இரண்டாம் பகுதி வராவிட்டால் கூலிக்கும் சாக்குக்கும் அக்கா மறுபடி அந்தத் தட்டில்தான் கைவைக்க வேண்டும். கரியும் அங்கேதான் போகும். முதல் பகுதிக் கடன் மட்டும் அவர் தலையில் நிற்கும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கரிக்கு லோன் என்பது மேலே யாரும் கேள்விப்படாதது. வட்டார அலுவலகம் சம்மதித்தது, ஆனால் இரண்டு நிபந்தனையோடு. அவர்களுடைய இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் நேரில் வந்து சரக்கைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் பகுதி. அத்தோடு, 'இச்சரக்கு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளது' என்ற போர்டு சரக்கின் மேல் இருக்க வேண்டும்.

அடுக்கும் நாளில் முதல் பஸ்ஸில் போனேன். நிழல் என்று சொல்ல ஒரு ஒற்றைப் பனை மட்டும். தடித்த கட்டைகளை நடுவிலும் மெல்லியதை ஓரத்திலுமாக ஆட்கள் அடுக்கினார்கள். அளந்தேன், எழுதினேன், வெயிலில் கருகினேன். அன்று வருவதாக இருந்த இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் வரவில்லை. வேறு கிளையில் வேலையாம். சாயங்காலம் வானம் ஒரு பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. விறகு நனைந்தால் அத்தனையும் வீண் என்று அக்கா மண்ணைப் பூசித் தீயை விட்டுவிட்டார். நான் கடைசிக் கூடை மண் விழும்வரை நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இஸ்ரவேல் சார் என் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைத்தான் அடித்தார். 'ஏராளமான'.

மூட்டம் நன்றாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு நாளில், நானும் இஸ்ரவேல் சாரும் அங்கே காத்திருக்க, நடேசன் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர்தான் அந்த இன்ஸ்பெக்ஷன் ஆபீசர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், காலில் பாலிஷ் போட்ட ஷூ. மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சரக்கு எங்க?"

"இதுக்குள்ள சார்."

"நான் பாக்கிறது மண்ணு. சரக்கு எங்கம்மா?"

நான் அடுக்கிய நாளில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்கு முந்தின வருஷம் வேறொரு ஊரில் பஞ்சுக் குடோனைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். முன்வரிசையில் பஞ்சு மூடை, அதற்குப் பின்னால் வெறும் காற்று. அதற்காக அவர் பட்ட பாட்டை அவரே சொன்னார். "இனிமே உள்ள பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு ஓரமா லேசாத் தெறக்கச் சொல்லுங்க."

"தெறக்கவே கூடாது சார்!" நான் மூட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். "தெறந்தா இவுக பொழப்பே போயிரும்."

"அப்ப என்னால பாத்தேன்னு எழுத முடியாது. 'சரக்கு காணப்படவில்லை'ன்னுதான் எழுதணும். அப்புறம், போர்டு சரக்கு மேல இருக்கணும்னு போட்டிருக்கே, அது ஏன் அங்க தள்ளி நிக்குது?"

போர்டை அக்கா தள்ளிப் பனையோரம் நட்டிருந்தார். மரக்காலில் தகரம் அடித்த போர்டு. இஸ்ரவேல் சார் மெதுவாக, "வாங்க சார், நெழல்ல நின்னு பேசுவோம்" என்று அவரைப் பனையடிக்குக் கூட்டிப் போனார். ஒற்றைப் பனையின் நிழலில் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அக்கா வந்தவர்களுக்கு இளநீர் வெட்டக் குடிசைப் பக்கம் போயிருந்தார். 'காணப்படவில்லை' என்று நடேசன் சார் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. இஸ்ரவேல் சார் தாழ்ந்த குரலில் ஏதேதோ எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானப்பிரகாசம் அண்ணனை யாருமே கவனிக்கவில்லை. போர்டால்தான் லோன் நிற்கிறது என்று அந்த மனுஷன் புரிந்துகொண்டார். எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போர்டைப் பிடுங்கி, தோளில் சாய்த்துக்கொண்டு, ஏணியைப் போட்டு மூட்டத்தின் மேல் ஏறி, உச்சியில் ஓங்கி ஒரே குத்தாகக் குத்தி நட்டுவிட்டார். நட்டுவிட்டு, மேலே நின்றபடியே எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், போர்டு வச்சாச்சு! சரக்கு மேலயே வச்சாச்சு!"

"அட பாவி மனுசா!" குடிசையிலிருந்து அக்கா அலறிய அலறலில் இளநீர் ஒருபக்கம் உருண்டது. "எறங்கு! எறங்கிரு! மாதாவே, எம் மூட்டம் போச்சே!"

அண்ணன் சறுக்கிக் கீழே விழுந்தார். போர்டின் காலைச் சுற்றி மண் உடைந்து சரிந்தது. முதலில் கருப்பாகப் புகை, அப்புறம் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம், அப்புறம் தீ. தகரத்தில் எழுதியிருந்த எங்கள் வங்கியின் பெயர் கண்ணெதிரே கொப்புளித்து உரிந்தது.

அதற்கப்புறம் யார் மேனேஜர், யார் ஆபீசர் என்றெல்லாம் ஒன்றுமில்லை. அடியில் இருந்த துவாரங்களை அக்கா காலாலேயே மிதித்து அடைத்தார். பீப்பாயில் இருந்த தண்ணீரை நான் குடம் குடமாக மண்ணில் ஊற்றினேன். இஸ்ரவேல் சார் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரமண்ணைக் கூடையில் அள்ளினார். கூடையை வாங்கி ஏணியில் ஏறியது யார் தெரியுமா? நடேசன் சார்! அண்ணன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏணிக்குப் பக்கத்தில் நின்றது அவர்தான், மனுஷர் யோசிக்கவே இல்லை. மேலே ஏறி, போர்டைப் பிடுங்கி வீசினார். பிடுங்கின இடத்தில் பெரிய துவாரம். அதற்குள் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இருக்கு!" என்று கத்தினார். "லலிதாம்மா, இருக்கு! கட்டை கட்டையா, செக்கச்செவேல்னு அடிவரைக்கும் இருக்கு!"

"பாத்தது போதும், மண்ணப் போடுங்கய்யா!" என்று கீழேயிருந்து அக்கா போட்ட சத்தம் திருச்சுழி வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் மண்ணைப் போட்டார். கூடை மேல் கூடையாகப் போட்டார். துவாரம் அடைந்து, தீ அடங்கி, பழையபடி வெள்ளைப் புகை மட்டும் வர ஆரம்பித்தபோது நாங்கள் எல்லோரும் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். உச்சியில் கொஞ்சம் விறகு போனதுதான் நஷ்டம். நடேசன் சாரின் வெள்ளைச் சட்டையில் வெள்ளை என்று ஒரு பொட்டு இல்லை. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அய்யா நம்ம ஆளு மாதிரி இருக்காக" என்றார். முதலில் சிரித்தது நடேசன் சார்தான். அதற்கப்புறம் எங்களால் நிறுத்த முடியவில்லை.

இஸ்ரவேல் சார் மட்டும் சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் கேட்டார்.

"சார், சரக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கண்ணால?"

"கண்ணால. புருவமே கருகிப்போச்சுய்யா!"

"அப்ப எழுதிருங்க."

ஜீப்பின் மேலேயே தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரி மூட்டங்களுக்குப் போர்டைத் தள்ளித்தான் நட வேண்டும் என்றும் கீழே ஒரு வரி சேர்த்தார். இரண்டாம் பகுதி அந்த வாரமே வந்தது. கரி வேறு கை படாமல் நேராக மதுரைக்கு லாரியில் போயிற்று, மதுரை விலைக்கே போயிற்று. அக்கா தவணை நாளுக்கு முன்னாலேயே வந்து கட்டினார். காலெல்லாம் கரியாகிப்போன அந்தப் போர்டையும் கையோடு கொண்டுவந்து, "பேங்கு சாமான் பேங்குலயே இருக்கட்டும்" என்று கவுண்டரில் வைத்தார். இஸ்ரவேல் சார் அதை ரிக்கார்டு ரூமில் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

தொண்ணூறுகளில் நானே அந்தக் கிளைக்கு மேனேஜராகத் திரும்பி வந்தேன். அதற்குள் கரி, செங்கல் சூளை, பவர்லூம், பெண்கள் குழு என்று கடன் எத்தனையோ வழியில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. எல்லா லோனும் ஜெயித்தது என்று சொல்ல நான் அரசியல்வாதி இல்லை. சிலது போயிற்று. ஆனால் கரி மூட்டத்துக்குக் கொடுத்த லோன் ஒன்றுகூடப் போகவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் கத்திச் சொல்வேன். அந்த மண்டி அண்ணாச்சியே ஒருநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து லாரி வாங்க லோன் கேட்டார். போய்ப் பார்த்தேன், கொடுத்தேன், ஒழுங்காகக் கட்டினார்.

ஆனால் என் சர்வீசில் எனக்குப் பிடித்த நாள் இதெல்லாம் இல்லை. லோன் வந்த பிறகு, அண்ணாச்சியின் பழைய பாக்கியைக் கொடுக்கப் போன நாள்.

"கூட வாங்கம்மா. அந்தத் தட்டப் பாத்தா எங் கை தானாப் போயிரும்" என்றார் அக்கா. இஸ்ரவேல் சாரிடம் கேட்டேன். "அது நம்ம டூட்டி இல்லம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்க வீட்டுக்குப் போற பஸ்ஸு அந்த வழியாத்தான போகுது?" என்றார்.

மண்டியில் கரிக்காரர்கள் ஐந்தாறு பேர் எடைக்குக் காத்திருந்தார்கள். அண்ணாச்சி மரியாதையாக எழுந்து எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பணத்தை வாங்கி எண்ணினார். கணக்கு நேராகிவிட்டது என்றார். சொன்ன கையோடு தட்டு வந்தது. பளபளவென்று தேய்த்த பித்தளைத் தட்டு, கொழுந்து வெற்றிலை, மேலே கட்டாகப் புது நோட்டு.

"செசிலி, மகள பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கணும்னியாமே. வச்சுக்க தாயி. எப்ப முடியுமோ அப்பக் குடு."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பக்கென்றது. தராசில் மூடை தூக்கியவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். அக்காவின் கை நீண்டது. கை தட்டுக்குப் போனது. நோட்டுக் கட்டைத் தூக்கி, அண்ணாச்சியின் கல்லாப்பெட்டி மேல் வைத்தது. பிறகு வெற்றிலையை எடுத்து, சாவகாசமாகக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"வெத்தலைக்குக் கடன் இல்லைல்ல அண்ணாச்சி?"

அண்ணாச்சி கல்லாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னையும் ஒருதரம் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல தாயி, இல்ல. அப்ப அடுத்த மூட்டம்?"

"வேணும்னா நம்ம காட்டுக்கு வாங்க. மதுரை வெலையச் சொல்லுங்க, பேசுவோம்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அக்கா வெற்றிலையை மென்றபடி ராணி மாதிரி நடந்தார். பின்னால் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்தார். எடைக்குக் காத்திருந்த கரிக்காரர்களில் ஒருவர். மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்று கேட்டார்:

"ஆபீசரம்மா, நாளைக்கு எத்தன மணிக்கு பேங்கு தொறப்பீக?"